சந்தனம் வைத்த தோட்டா

நாரணாபுரம் வள்ளித்தாயின் மகன் முனியராஜ் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தான். அவன் தெருவிலிருந்து கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவன்தான். முடித்துவிட்டு இரண்டு வருடம் மதுரைக்கும் விருதுநகருக்கும் பேருந்துக்குக் காசு அழுத பிறகு, 2007-ஆம் வருடம் தீபாவளி கழிந்த கையோடு அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. துப்பாக்கியால் சுடுவதற்கு ஜெல்லி கிண்டும் வேலை.

கொடுத்தவர் மாரிசாமி முதலாளி. எம். புதுப்பட்டிச் சாலையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். அங்கே மருந்து செலுத்தும் அறையில் வள்ளித்தாய் பதினெட்டு வருடமாக வேலை பார்த்தாள். அவள் விரல் நகங்களில் படிந்த வெள்ளி நிறம் எந்தச் சோப்புக்கும் போனதில்லை. அந்த நகத்தால் சம்பாதித்த காசில்தான் மகன் நியூட்டன் விதிகளைப் படித்தான்.

முதலாளியிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. தற்காப்புக்கு என்று உரிமம் வாங்கியது. பன்னிரண்டு வருடத்தில் அது எதையும் காத்ததில்லை. தேர்தல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போகும். முடிந்ததும் திரும்பி வரும். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு பீரோவுக்குள் படுத்துக்கொள்ளும். ஓய்வூதியக்காரர் வாழ்க்கை.

அதைத் தட்டி எழுப்பியது ஒரு களவு. ஆவணி மாதம் கிட்டங்கியில் அலுமினியத் தூள் டின் இரண்டைக் காணவில்லை. லோடு மாறி வேறு கிட்டங்கிக்குப் போயிருந்தது நாலாம் நாளே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் முதலாளியின் மனசில் கள்ளன் பிறந்துவிட்டான். டின் கிடைத்தது என்பதற்காகப் பிறந்த கள்ளனை இல்லையென்று சொல்ல முடியுமா? பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த நாகையாவை வேலைக்கு எடுத்து, உரிமத்தில் அவர் பெயரையும் காவல் ஆளாகச் சேர்த்தார். கம்பெனி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டார். நாற்காலி சாலையைப் பார்த்துப் போடப்படவில்லை. உள்ளே பார்த்துப் போடப்பட்டது. கள்ளன் உள்ளேதான் இருக்கிறான், கூலி வாங்குகிறவர்களில் ஒருவன்தான் என்பது முதலாளியின் தீர்மானம்.

அந்த நாற்காலிக்கு நேர் எதிரே நாற்பது அடியில் மருந்து செலுத்தும் அறை.

இந்த இடத்தில்தான் முதலாளிக்கே சற்று உதைத்தது. கள்ளனைச் சுட்டால், குண்டு அவனைத் துளைத்துக்கொண்டு போய் மருந்தில் பட்டால்? அறையோடு ஷெட் வரிசையே போய்விடும். ஷெட்டுக்கு இன்சூரன்ஸ் போன சித்திரையோடு முடிந்திருந்தது. அறைக்குள் ஆறு பெண்கள் இருப்பார்கள் என்ற கணக்கு இந்தக் கவலையில் எங்கே வந்தது என்று முனியராஜ் பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறான். வந்ததாக ஞாபகமில்லை.

கவலையைத் தீர்த்தவர் முதலாளியின் மகன் தருண்குமார். வெளிநாட்டில் இரண்டு வருடம் வியாபார நிர்வாகம் படித்துவிட்டு, ஒரு மடிக்கணினியும் பாதித் தமிழுமாகத் திரும்பியவர். முனையில் குழி வைத்த தோட்டா என்று ஒன்று உண்டு என்றார். உடம்புக்குள் நுழைந்ததும் ஈரச்சதை அந்தக் குழிக்குள் அழுத்தி ஈயத்தைப் பிளந்து விரிக்கும். விரிந்த குண்டு மேலே ஓட முடியாமல் அங்கேயே நின்றுவிடும். படமும் காட்டினார். கண்ணாடி மாதிரி ஒரு ஜெல்லிக் கட்டி, அதற்குள் குண்டு பாய்கிறது, கட்டி விம்மி அடங்குகிறது, நடுவில் ஈயம் பூவாக விரிந்து கிடக்கிறது. மனுச உடம்புக்குப் பதிலாக அந்தக் கட்டியாம்.

முதலாளி படத்தை நாலு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப கள்ளனோட நின்னுரும். மருந்துக்குப் போகாது."

கள்ளனுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. வேலை கேட்டு வந்து பக்கத்தில் கைகட்டி நின்ற முனியராஜும் கேட்கவில்லை.

எங்கேயோ யாரையோ பிடித்து இருபத்தைந்து தோட்டா வந்து சேர்ந்தது. ஆனால் மாரிசாமி எதையும் தாளில் கையெழுத்தோடு பார்த்தால்தான் நம்புகிறவர். படம் வெளிநாட்டு ஜெல்லி. நம் ஊர் வெயிலில் என்ன ஆகும்? ஒரு படித்த ஆள் இங்கேயே சோதித்து அறிக்கை எழுத வேண்டும். குண்டு கட்டிக்குள் நின்றால் நாகையா துப்பாக்கியோடு நாற்காலியில் உட்காருவார். நிற்காவிட்டால் நாற்காலியும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். அறிக்கை எழுதும் ஆளுக்குக் கம்பெனியிலேயே தர ஆய்வாளர் வேலை, ஆர்டர் கையில்.

வீட்டில் வள்ளித்தாய் முழுக்கதையும் கேட்டுவிட்டு, சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஒன்றுதான் கேட்டாள்.

"அது நிக்குமாலே, நிக்காதா?"

சோதித்துச் சொல்கிறேன் என்றான். நல்லா சோதி, எதுத்தாப்ல ஒக்காரப் போறது நானு என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

ஜெல்லி கிண்டுவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. தீப்பெட்டி மருந்தில் சேர்க்கும் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஊற்றிவிட்டால் போதும் என்றார் முதலாளி. வீட்டில் இருக்கும் சாமானுக்கு வெளியே காசு போடுவானேன்? காய்ச்சினான். கருப்பட்டிக் கட்டி மாதிரி வந்தது. உள்ளே குண்டு அல்ல, குதிரையே ஓடினாலும் தெரியாது. நாற்றம் வேறு. பிறகு மதுரையில் மாத்திரைக் கூடு செய்கிறவர்களிடமிருந்து சுத்தமான ஜெலட்டின் வந்தது. பத்தில் ஒரு பங்கு எடை, குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, கை பொறுக்கும் சூட்டில் கரைத்து, நுரை வராமல் ஊற்றி, இரண்டு நாள் நாலு டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். அது மாட்டு எலும்பிலிருந்து வருவது என்று தெரிந்ததும் முதலாளியின் மனைவி தங்கத்தாயம்மா, அந்தச் சனியன் வாசற்படி தாண்டக்கூடாது என்றுவிட்டார். கட்டி விருதுநகரில் உறவுக்காரர் ஒருவரின் ஐஸ்கிரீம் கம்பெனிக் குளிர் அறையில், பாதாம் குல்பிக்கும் சேமியா ஐஸுக்கும் நடுவே உறைந்தது.

கட்டி உடம்பு மாதிரிதான் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் ஒரு முறை இருந்தது. குறிப்பிட்ட வேகத்தில் ஒரு சின்ன இரும்புக் குண்டைச் சுட்டு, எத்தனை ஆழம் போகிறது என்று அளக்க வேண்டும். முனியராஜ் பொருட்காட்சியில் பலூன் சுட வைத்திருக்கும் காற்றுத் துப்பாக்கியை வாடகைக்கு வாங்கி வந்தான். வேகம் என்னவென்று பலூன்காரருக்கும் தெரியாது, முனியராஜுக்கும் தெரியாது. எட்டரை சென்டிமீட்டர் போக வேண்டியது ஒன்பது போனது. 'ஏறத்தாழ' என்று நோட்டில் எழுதினான். பதினேழு வருடப் படிப்பு அந்த ஒரு சொல்லை எழுதுவதற்குத்தான் உதவியது என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வாரமும் அவன் சந்தோஷமாகவே இருந்தான். நோட்டு, அளவுகோல், வெப்பமானி. யாருக்காகச் செய்கிறோம் என்பதை மறந்துவிட்டால் அதுவும் ஆராய்ச்சிதான்.

கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் வைத்துச் சுட்டார்கள். அனுமதி கேட்கவில்லை. சத்தம் கேட்டு யாராவது வருவார்களோ என்று முனியராஜ் பயந்ததற்கு நாகையா சிரித்தார். சிவகாசிப் பக்கத்தில் வெடிச்சத்தத்துக்குத் தலையைத் திருப்பினால் கழுத்துதான் சுளுக்கும்.

துப்பாக்கியில் ஏழு தோட்டா நிரப்பியிருந்தது. பத்தடி தள்ளி நின்று நாகையா ஏழையும் நிதானமாகச் சுட்டார். முழங்கை நீளக் கட்டியில் ஏழும் ஒரு சாண் ஆழத்தில் நின்றன. முனியராஜ் கட்டியை அறுத்து ஒன்றை எடுத்துக் கழுவினான். பிச்சிப்பூ விரிந்த மாதிரி ஈயம் நாலாபக்கமும் மடங்கி, பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று தோன்றிய உடனே அவனுக்கு அதைக் கீழே வைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்குள் கிழிந்திருந்த இடத்தைப் பார்த்தான். ஒரு மனுசனுக்குள் அது எப்படி இருக்கும் என்று நினைக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டு, ஆழத்தை அளந்து எழுதினான்.

அம்மாவிடம், நிற்கிறது என்றான். சரி என்றாள்.

ஏழு போதும் என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முதலாளிக்கு நாலு பேர் பார்க்க வேண்டும். சக முதலாளிகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு வந்தார். பந்தல், பன்னீர் சோடா, மட்டன் பிரியாணி. ஜெல்லி சுடுகிற இடத்துக்குச் சடங்கு வீட்டு ஏற்பாடு. விருந்தாளிகள் வர ஒரு மணி நேரம் தாமதம்; கட்டி மீன்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே வந்து பலகை மேல் காத்திருந்தது.

இந்த முறை தோட்டா பெட்டியில் மீதியிருந்த பதினெட்டிலிருந்து வந்தது. நாகையா மூன்று சுட்டார். மூன்றும் கட்டியைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, பின்னால் நிறுத்தியிருந்த பலகையில் போய்த் தைத்தன. ஒரு விருந்தாளி, பிரியாணித் தட்டோடு, ஒங்க கள்ளன் ரொம்ப இளகுன மனசுக்காரன் போல மாரிசாமி என்றார். மற்ற இருவரும் புரையேறச் சிரித்தார்கள்.

தருண்குமார், வெயிலில் ஜெல்லி இளகிவிட்டது, அதுதான் காரணம் என்றார். இருக்கலாம். ஆனால் முனியராஜ் பலகையிலிருந்து ஒரு குண்டை நெம்பி எடுத்துப் பார்த்தபோது அது விரியவே இல்லை. முனை மூடியபடி இருந்தது. குழிக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு, மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இறுகிப்போயிருந்தது. நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனான். மருந்து வாடையை மீறிக்கொண்டு சந்தனம் மணத்தது.

தனியாகக் கேட்டதும் நாகையா சொன்னார். ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்னால்தான் தோட்டா வந்தது. ஏழு தோட்டாவைத் துப்பாக்கிக்குள் போட்டபடியே சாமிமுன் வைத்தார்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கும்பிடலாமா என்று கேட்கிற ஆள் அந்த வீட்டில் இல்லை. மீதி பதினெட்டையும் தங்கத்தாயம்மா ஒரு தட்டில் நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் மோதிர விரலால் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். குழியும் அதற்கென்றே செய்த கிண்ணம் மாதிரி இருந்தது. அந்த அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல; நிரம்ப வைத்திருந்தார். இரண்டு மாதத்தில் காய்ந்து கல்லாகிவிட்டது. குழி அடைத்துப்போனால் விரிவது எப்படி? குழி இல்லாத சாதாரணத் தோட்டாதான் அது.

வெயிலா சந்தனமா என்பதை ஊகத்தில் விட முனியராஜுக்கு மனமில்லை. ஒரே நாளில் ஊற்றிய இரண்டு கட்டி, இரண்டையும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கால் மணிக்குள் நாகையா சுட்டார். ஒன்றில் குண்டூசியால் சந்தனத்தைத் தோண்டிச் சுத்தம் செய்த இரண்டு தோட்டா. இன்னொன்றில் அப்படியே இரண்டு. தோண்டியவை ஒரு சாணில் விரிந்து நின்றன. மற்ற இரண்டும் போயே போய்விட்டன. அவன் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான விடையை எந்தப் பரீட்சையிலும் எழுதியதில்லை.

மீதி பதினோரு தோட்டா. ஒரு ஊசி, பத்து நிமிஷ வேலை. அதைத்தான் முதலாளி வீட்டு முன்னறையில் போய்ச் சொன்னான்.

மாரிசாமி மனைவியைப் பார்த்தார். தங்கத்தாயம்மா சத்தம் போடவில்லை. பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகவே சொன்னார்.

"வருசம் முச்சூடும் காவல் காக்கணும்னு வச்சதுப்பா அது. அதைச் சொரண்டுனா காவலையே சொரண்டுன மாதிரில்ல."

புதுசாக ஒரு பெட்டி வாங்கலாம் என்றார் தருண்குமார். வாங்கினாலும் அடுத்த ஆயுத பூசைக்கு அதற்கும் வைக்கத்தானே வேண்டும் என்றார் தங்கத்தாயம்மா. மகன் மடிக்கணினியை மூடிக்கொண்டார். வெளிநாட்டுப் படிப்பு அந்த இடத்தோடு சரி. குழியைத் தவிர்த்துப் பக்கத்தில் பொட்டு வைக்கலாமே என்று முனியராஜ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். நெற்றி இருக்கக் கன்னத்தில் வைப்பார்களா என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

முதலாளி செருமிக்கொண்டார்.

"ஏம்ப்பா, மொதல்ல ஏழு சுட்டோமே, ஏழும் நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு மொதலாளி."

"அப்ப அதை மட்டும் எழுது. நான் என்ன, பொய்யா எழுதச் சொல்றேன்?"

மேசை மேல் ஆர்டர் தட்டச்சு அடித்து வைத்திருந்தது. தர ஆய்வாளர், எம். முனியராஜ், எம்.எஸ்ஸி. அவன் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளை அச்சில் அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு பக்க அறிக்கை எழுதினான். ஏழு தோட்டா, ஏழு ஆழம், சராசரி, படம். எழுதியதில் ஒரு வரி பொய் இல்லை. எழுதாமல் விட்டதுதான் முழுக்கப் பொய். அதை அவன் கல்லூரியிலேயே கற்றிருந்தான். கோட்டுக்கு ஒத்துவராத புள்ளியை அழிப்பான் வைத்துத் துடைத்துவிட்டு வரைபடம் போடாத மாணவன் அங்கே யாரும் கிடையாது. கையெழுத்துப் போட்டான்.

அன்று சாயங்காலம் வள்ளித்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் நகத்தைத் தேய்த்தபடி கேட்டாள்.

"குண்டு நிக்காது. நீ போட்ட கையெழுத்து நிக்குமாலே?"

அவ்வளவுதான். தோசை ஊற்றப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை நாற்காலிக்கு ஆள் வந்தது. நாகையா இடுப்பில் துப்பாக்கியோடு வேப்பமரத்தடியில் உள்ளே பார்த்து உட்கார்ந்தார். அறிக்கைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. தர ஆய்வாளருக்கு ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் கொடுத்தார்கள். ஜன்னல் வழியே நாற்காலியும் அறையும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தன. இயற்பியல் படித்தவனுக்கு நேர்கோட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு நாய் ஷெட் பக்கம் ஓடியது. நாகையாவின் கை தன்னால் இடுப்புக்குப் போய்த் திரும்பியது. முனியராஜ் அன்று சாப்பாட்டைத் திறக்கவில்லை. நான் பயந்தவனா, கெட்டவனா, அல்லது வேலை கிடைத்த எல்லாரையும் போலத்தானா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். மூன்றுக்கும் ஆம் என்றே பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறைக்குப் போய் அம்மா முன்னால் கையை நீட்டினான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வெடிக்குத் திரி வைக்கத் துளை போடும் பித்தளை ஊசியை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். மருந்து அறைக்குள் இரும்பு ஆகாது, பொறி பறக்கும். அந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

நாகையாவிடம் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை.

"மாமா, அதக் கழட்டுங்க."

அவர் சாலையை ஒரு தடவை, அலுவலகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தோட்டாக்களைக் கழற்றி, பையில் இருந்த மிச்சத்தையும் சேர்த்து, பதினொன்றையும் துண்டில் வரிசையாகப் படுக்க வைத்தார். பட்டாளத்தில் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவோம், இவுக அபிசேகமே பண்ணுறாக என்றார். முனியராஜ் ஒவ்வொன்றாக எடுத்துக் குழியைத் தோண்டினான். துண்டில் மஞ்சள் பொடி உதிர்ந்தது. ஒன்பதாவதைத் தோண்டிக்கொண்டிருக்கையில் நிழல் விழுந்தது. வெள்ளிக்கிழமைதோறும் லட்சுமி படத்துக்குக் கற்பூரம் காட்ட வரும் தங்கத்தாயம்மா, கையில் தட்டோடு நின்றார். அவர் தோட்டாவைப் பார்க்கவில்லை. துண்டில் கிடந்த பொடியைப் பார்த்தார்.

பாதி உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டதற்காக முனியராஜுக்கு வேலை கிடைத்தது. அதை முழு உண்மையாக்கியதற்காக வேலை போனது. ஐந்தே நாள். காரணம் என்று கேட்ட இடத்தில் 'ஒழுங்கீனம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். வாயால் சொன்னது சாமி குத்தம். மீதி இரண்டையும் தோண்டி முடித்துவிட்டுத்தான் அவன் எழுந்தான் என்பதை மட்டும் அவனுக்காகச் சொல்லலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமையே பரிகார பூசை நடந்தது. பதினோரு தோட்டாவும் மறுபடி தட்டில் ஏறின. இந்த முறை தங்கத்தாயம்மா இன்னும் அழுத்தி வைத்தாராம். அறிக்கை சுவரில் அப்படியே இருந்தது. அது ஏழு நாள் உண்மையாக இருந்துவிட்டு மறுபடி பழைய நிலைக்குப் போனது யாருக்கும் தெரியாது. முனியராஜின் கையெழுத்தும் அதில் அப்படியே இருந்தது.

முனியராஜ் இப்போது மல்லாங்கிணற்றில் டியூசன் எடுக்கிறான். அரசுத் தேர்வு எழுதுகிறான். கொஞ்ச நாள், நியாயத்துக்காக வேலையை விட்டவன் என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான். அதையும் வள்ளித்தாய்தான் இறக்கி வைத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

பரிகார பூசைக்கு மறுநாள் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாகையா மருந்து அறை வாசலுக்கு வந்தாராம். கையை நீட்டினாராம். அவள் தலையைத் தூக்காமல் ஊசியைத் துடைத்துக் கொடுத்தாளாம். அரை மணியில் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிட்டாராம். அதற்கப்புறமும், எப்பொழுதெல்லாம் அந்த வீட்டில் பூசைத் தட்டு எடுக்கிறார்களோ, மறுநாள் வந்து ஊசியை வாங்கிக்கொண்டு போகிறார்.

"நாற்காலியையும் ரோட்டப் பாத்துத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு. மொதலாளி கேட்டதுக்கு, கண்ணு கூசுதுன்னுட்டாரு."

இதை எல்லாம் அவர் எங்கே எழுதினார், எதில் கையெழுத்துப் போட்டார் என்று கேட்க முனியராஜ் வாயெடுத்தான். பிறகு கேட்கவில்லை.